முயல் காட்டிக்கொடுத்த கொலஸ்ட்ரால்: யார் இந்த நிகோலாய் அனிச்கோவ்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது கொலஸ்ட்ரால் எவ்வளவு என்றுதான். அந்தக் கொலஸ்ட்ரால் ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்று 1913-லேயே செய்து காட்டியவர் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் அனிச்கோவ். ஆனா, அதை உலகம் காதில் வாங்கவே பல வருஷம் ஆச்சு.

1885-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த அனிச்கோவ், அங்கிருந்த ராணுவ மருத்துவ அகாடமியில் படித்தவர். தமனி தடிப்பது வயசானா வரும் தேய்மானம் என்றே அப்போது பலரும் நம்பினார்கள். இக்னடோவ்ஸ்கி என்ற மருத்துவர் 1908-ல் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்துப் பார்த்தார். தமனிகள் கெட்டுப்போயின. புரதம்தான் காரணம் என்று அவர் நினைத்துவிட்டார்.

அனிச்கோவும் சக ஆய்வாளர் கலாடோவும் சுத்தமான கொலஸ்ட்ராலை மட்டும் பிரித்தெடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் எண்ணெய். எண்ணெய் மட்டும் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகலை. கொலஸ்ட்ரால் சாப்பிட்டவற்றின் தமனிச் சுவரில் மட்டும் கொழுப்பு படிந்தது.

செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு சும்மா பார்த்தால் தெரியாது. வழக்கமாக ஸ்லைடு தயாரிக்கும்போது சேர்க்கும் ஆல்கஹால் போன்ற திரவங்களிலேயே பெரும்பகுதி கரைந்து போய்விடும். அதனால திசுவை உறையவைத்து மெல்லிசாகச் சீவி, சூடான் சாயம் ஏற்றினார்கள். கொழுப்பு ஆரஞ்சு சிவப்பில் பளிச்சென்று தெரிந்தது. கொழுப்பை விழுங்கி உப்பிப்போன செல்களையும் அவர் அப்படித்தான் விவரித்தார். 'நுரை செல்கள்' என்று இன்று சொல்வது இவற்றைத்தான்.

இவ்வளவு தெளிவான சோதனை ஏன் எடுபடலை? வேறு சில ஆய்வகங்கள் எலியிலும் நாயிலும் முயன்றன. அங்கே தமனி கெடவில்லை. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுவதில் அவை கில்லாடிகள். புல் தின்னும் முயலுக்கு மட்டும் வரும் கோளாறு என்று பலர் கைகழுவிவிட்டார்கள். 1950-ல் அமெரிக்காவின் ஜான் காஃப்மன், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்களைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் பேச்சு மறுபடி சூடுபிடித்தது.

இன்று சூடானோடு ஒளிரும் சாயங்களும் வந்துவிட்டன. ஃபிலிப்பின் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு நீலமாக மின்னும். நைல் ரெட், செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளை ஒளிரவைக்கும்.

அனிச்கோவுக்கு நோபல் பரிசு கிடைக்கவே இல்லை. 1964-ல் காலமானார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் முதல் ஸ்டேடின் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 1987-ல்.