உடலைத் தமிழில் விளக்கிய மானிப்பாய் வைத்தியர்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைத் தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், ஒரு வெள்ளைக்கார டொக்டர் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். இன்று சிறுநீரக தானம் பற்றி யோசிக்கும் குடும்பங்களுக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையில் தொடங்கியவர், அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் ஒரு மிஷனறி. மதம் பரப்பும் நோக்கத்தை ஒளிக்கவில்லை. ஆனால் அதற்காகத் தமிழர் ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்களில் பலர் அரச உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமத்து நோயாளி பழையபடி வைத்தியர் இல்லாமலே கிடந்தார். தமிழில் படித்தவர் ஊரோடு இருப்பார், நோயாளிக்கு விளங்கப் பேசுவார் என்று கிறீன் கணக்கிட்டார். 1857இல் தாயகம் போய் 1862இல் மனைவியோடு திரும்பியவர், அந்தத் தசாப்தத்திலேயே வகுப்புகளைத் தமிழுக்கு மாற்றினார்.

அதற்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். மாணவர்களோடு சேர்ந்து சொற்களை உருவாக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்கள் வெளிவந்தன. அவரிடம் கற்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். உடல்நலம் குன்றி 1873இல் ஊர் திரும்பிய பிறகும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் வேலையைத் தொடர்ந்தார். 1884இல் இறந்தார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்பது தன் கல்லறையில் தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பின், அதே மாநிலத்தின் பொஸ்டன் நகரில், 1954 டிசம்பர் 23 அன்று ரொனால்ட் ஹெரிக் என்ற இளைஞர் தன் இரட்டைச் சகோதரனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தார். உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றிகண்ட முதல் சத்திரசிகிச்சை அது. சகோதரன் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 56 ஆண்டுகள் வாழ்ந்தார். நோயில்லாத ஒருவரை, அவர் உடலுக்குப் பயனில்லாத சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. கொடுப்பவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, தானாகச் சம்மதித்தால் மட்டுமே என்பதுதான் இன்றுவரை அதற்குப் பதில்.

விளங்கிக்கொள்வது எந்த மொழியில்? என் பெரியம்மாவின் மகன் தன் தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தபோது, தெற்கில் ஒரு வைத்தியசாலையில் அவர் கையில் கிடைத்தவை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்த படிவங்கள். அண்ணாவுக்குக் கேள்விகள் நிறைய இருந்தன. மிச்சச் சிறுநீரகம் போதுமா? தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கலாமா? 2009இல் பட்ட ஷெல் துண்டு உடம்பில் இருக்கிறதே, அது தடையா? கடைசி நேரத்தில் மனம் மாறினால்?

பிறகு தமிழ் பேசும் ஒரு வைத்தியர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். மிச்சச் சிறுநீரகம் கொஞ்சம் பருத்து, இழந்த வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது. குருதி அழுத்தத்தையும் சிறுநீரையும் வாழ்நாள் முழுவதும் சோதிக்க வேண்டும். ஷெல் துண்டு இருக்கும் இடத்தை ஸ்கான் பார்த்தே முடிவு சொல்லலாம். மயக்க மருந்து கொடுக்கும் வரைக்கும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் கேட்ட பிறகே அண்ணா கையெழுத்து வைத்தார்.

போரில் உறுப்பிழந்தவர்களுக்கு எதுவும் கேட்காமலே உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. தானம் அப்படி நடக்கக் கூடாது. உறுப்புக்குக் காசு வாங்குவதை 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விளங்காமல் வைக்கும் கையெழுத்தை நாம்தான் தடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவர் கொடுக்க முன்வந்தால், தமிழில் விளக்கும்படி கேளுங்கள். உடலைப் பற்றித் தமிழில் பேச முடியும் என்பதை மானிப்பாயில் ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.