டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

துன்பம் புகாத இல்லம் உலகில் இல்லை. வந்த துன்பத்தைக் கண்டு அழுது ஓய்பவர் பலர். காலம் ஆற்ற ஆறி மறப்பவர் பலர். அத்துன்பத்தையே பிறர் துயர் துடைக்கும் கருவியாக்கிக் கொள்பவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பெண்டிர் நலத்திற்காக அவர் சட்டசபையில் ஆற்றிய தொண்டினைப் பலரும் அறிவர். தம் தங்கையின் நோயால் அவர் உள்ளத்திற் பிறந்த தொண்டினையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைப்போம்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்வித்துறையில் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை மரபினர். பெண்கள் கற்பது அரிதாயிருந்த அந்நாளில், ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதைப் பலர் எதிர்த்தனர். மன்னர் இசைவளிக்கவே, அக்கல்லூரியின் முதல் மாணவியாக அவர் சேர்ந்தார். பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மனைவியைத் தமக்கு நிகராக மதிப்பதாகவும், அவர் விருப்பங்களுக்குத் தடை செய்வதில்லை என்றும் அவர் உறுதி கூறிய பின்னரே அம்மணம் நிகழ்ந்தது.

தங்கையின் நோய்

கணவரும் மனைவியும் மருத்துவராய் அமைந்த குடும்பத்தில் நோய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அம்மையாரின் அருமைத் தங்கை சுந்தராம்பாள் நோயுற்றபோது அவ்வெண்ணம் பொய்த்தது. முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. குருதி கலந்து கழிதல் இருநோய்க்கும் பொதுவாதலின், இம்மயக்கம் எளிதில் நேர்வதே. அது மலக்குடலிற் கண்ட புற்றுநோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. தெளிந்த காலையில் நோய் முற்றியிருந்தது. அந்நாளில் தென்னாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றேனும் இல்லை. 1923-இல் சுந்தராம்பாள் உயிர் நீத்தார். பிறர் பிணி தீர்க்கக் கற்ற கை, உடன்பிறந்தாளைக் காக்க இயலாது நின்றது. இதனினும் பெருந்துயர் ஒரு மருத்துவர்க்கு யாதுளது?

இந்நோயின் கொடுமை அதன் வலி மட்டுமன்று. மீண்டும் மீண்டும் வருதலுமாம். அறுத்து நீக்கிய பின்னரும் கண்ணுக்குப் புலனாகாத சில அணுக்கள் எஞ்சி நின்று, பிறிதோரிடத்தில் வளர்ந்துவிடுதல் உண்டு. ஆகவே ஒருமுறை மருத்துவம் செய்து வீடு திரும்பியவர், சின்னாட் கழித்து மறுமுறையும் செல்ல வேண்டியவராவர். ஒவ்வொரு முறையும் குடும்பத்தார் நம்பிக்கை தளிர்த்து வாடும், வாடித் தளிர்க்கும். உணவூட்டுதல், புண்ணைத் தூய்மை செய்தல், இரவெல்லாம் விழித்திருத்தல், தம் கண்ணீரை நோயாளி காணாமல் மறைத்தல் ஆகிய இவை யாவும் மருந்துச்சீட்டில் எழுதப்படாத மருத்துவமாம். இம்மருத்துவத்தைச் செய்பவர் வீட்டாரே.

தொண்டு உருப்பெற்ற வரலாறு

தங்கையின் மறைவுக்குப் பின் அம்மையார் சோர்ந்திருக்கவில்லை. 1925-இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பிய பின் சென்னைச் சட்டசபை உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்தார். இத்துணைப் பணிகளுக்கிடையேயும் தங்கையின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் தம் கருத்தை வெளியிட்டார். தீராத நோய்க்குப் பொருள் செலவிடுவதா என்று ஐயுற்றவர் அந்நாளிற் பலர்.

அவர் தளரவில்லை. தம் இளைய மைந்தர் கிருஷ்ணமூர்த்தியை இந்நோய் மருத்துவத்திலேயே தேர்ச்சி பெறச் செய்தார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் இருந்த படுக்கைகள் பன்னிரண்டே. 1955-இல் டாக்டர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அப்பணியையே தம் வாழ்வாகக் கொண்டார். தங்கை மறைந்து மருத்துவமனை எழும் வரை முப்பத்தோர் ஆண்டுகள் கடந்தன என்பதை நினைக்குங்கால், அம்மையாரின் உறுதி எத்தகையது என்பது விளங்கும். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் அறிய வேண்டுவது

நிற்க. இவ்வரலாறு நம்மூர்க்கு யாது தொடர்புடையது எனின், கூறுவோம். விழுப்புரத்திலிருந்து சென்னை எழும்பூர் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 120. இவ்வழியாகச் செல்லும் வண்டிகளில், கையில் மருத்துவக் குறிப்புக் கட்டும் மடியில் சோற்று மூட்டையுமாக நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. நிலத்தை அடகு வைத்தவர், கூலி வேலையை விட்டுத் துணைக்கு வந்தவர், பிள்ளையின் படிப்பை நிறுத்தியவர் எனப் பலதிறத்தார் அவருள் உளர். பொருளில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையோடு அடையாற்று மனை எழுந்தது இத்தகையோர்க்காகவே.

அம்மையாரின் வாழ்வினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. குருதி கழிதல், ஆறாத புண், கரையாத கட்டி ஆகியவற்றைச் சிறு நோயென்று கருதி நாள் கடத்தலாகாது. சுந்தராம்பாளுக்கு நேர்ந்தது அதுவே. மற்றொன்று, புற்றுநோய் தொற்றுநோயன்று. ஆதலின் நோயுற்றவர்க்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைத்துத் திண்ணையில் ஒதுக்குதல் பெரும் பிழையாகும். மருத்துவம் மீண்டும் மீண்டும் வேண்டப்படும் இந்நோய்க்கு அன்பும் மீண்டும் மீண்டும் வேண்டப்படும். ஒருவர் களைத்த இடத்தில் மற்றொருவர் தோள் கொடுத்தலே குடும்பம் எனப்படும். அயலார் வீட்டில் அத்தகைய தோள் குறைவுபடுமாயின், நம் தோளைக் கொடுத்தல் கற்றோராகிய நம் கடனாம்.