உபாலி விஜேவர்தனவும் வாசல்வரை வந்து திரும்பிய தொழிலும்

1983 ஆம் ஆண்டு பெப்ரவரி 13 ஆம் திகதி இரவு கோலாலம்பூரிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லியர் ஜெட் விமானமொன்று சிறிது நேரத்திலேயே மலாக்கா நீரிணைக்கு மேலே காணாமற் போயிற்று. அதில் பயணித்தவர்களில் ஒருவர் நாடறிந்த தொழிலதிபர் உபாலி விஜேவர்தன. இன்னும் நான்கு நாட்கள் சென்றிருந்தால் அவருக்கு 45 வயது நிறைவடைந்திருக்கும்.

அன்னாரைப் பற்றி எழுதுவோர் அவரது செல்வத்தையும் பந்தயக் குதிரைகளையும் விமானம் மறைந்த மர்மத்தையுமே பெரிதும் எழுதி வந்துள்ளனர். நாம் இங்கு நோக்க விரும்புவது அவரது வாழ்வின் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தையாகும். கைத்தொலைபேசி முதல் வைத்தியசாலைக் கருவிகள் வரை அனைத்தையும் இயக்கும் குறைகடத்திச் சில்லுத் தொழில் ஒரு காலத்தில் எமது நாட்டின் வாசல்வரை வந்தது. அந்த வாசலைத் திறந்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

லேக் ஹவுஸ் நிறுவனர் டீ.ஆர். விஜேவர்தனவின் குடும்பத்தில் 1938 இல் பிறந்த உபாலி, கொழும்பு றோயல் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றார். நாடு திரும்பி லீவர் பிரதர்ஸ் கம்பனியில் பணியாற்றிய அவர், அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுத் தொடங்கியது டெல்டா ரொபி உற்பத்தியையாகும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை மிட்டாய் வியாபாரம் செய்வதா என்று அன்று நகைத்தவர்களும் இருந்திருக்கக்கூடும். கண்டோஸ் சொக்லேட், பியட் கார் பொருத்துதல், 1981 இல் பத்திரிகைகள் என அவரது தொழில்கள் விரிந்தன.

அவற்றுள் எமக்கு முக்கியமானது யுனிக் வானொலிப் பெட்டி. கல்முனைக் கரையோர ஊர்களில் எமது சிறுபராயத்தில் அப்பெயர் அறியாதவர்கள் குறைவு. இறக்குமதி செய்த பாகங்களை உள்நாட்டுக் கைகள் பொருத்தி உருவாக்கிய பெட்டி அது. பாகங்களைப் பொருத்துவது சிறு வேலைதான். ஆயினும் மருதமுனையின் நெசவாளர் நூலை வெளியிலிருந்து பெற்றே தறியில் கைத்திறனை வளர்த்ததைப் போன்று, தொழிற்றிறன் இப்படித்தான் ஒரு நாட்டில் வேரூன்றுகிறது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டில் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டபோது அதன் முதலாவது பணிப்பாளர் நாயகமாக உபாலி நியமிக்கப்பட்டார். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் உறவினர் என்பதனால் விமர்சனங்கள் எழுந்தன. அவை முற்றிலும் நியாயமற்றவை என்று கூறுவதற்கில்லை. எனினும் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் உருவாகியதில் அவரது பங்கு மறுக்க முடியாதது.

சில்லுத் தொழில் இரு கட்டங்களைக் கொண்டது. சிலிக்கன் தகட்டில் நுண்சுற்றுகளைப் பதிப்பது முதற்கட்டம்; அதற்குப் பெரும் மூலதனம் வேண்டும். அத்தகட்டைத் துண்டுகளாக்கி, மயிரிலும் மெல்லிய கம்பிகளால் இணைத்து, உறையிட்டுப் பரிசோதிப்பது இரண்டாம் கட்டம். அக்காலத்தில் அது நுணுக்குக்காட்டியின் கீழ் பெண்கள் கையால் செய்த வேலை. இந்த இரண்டாம் கட்டத்துக்காகவே இன்டெல் கம்பனி 1972 இல் மலேசியாவின் பினாங்கு சென்றது. ஏனைய பல கம்பனிகளும் அங்கு சென்றன.

எண்பதுகளின் தொடக்கத்தில் மோட்டோரோலா, ஹரிஸ் ஆகிய இரு அமெரிக்கக் கம்பனிகளும் கட்டுநாயக்கவில் அதே வகைத் தொழிற்சாலைகளை அமைக்க முன்வந்தன. எழுத்தறிவு மிக்க தொழிலாளர் படை இங்கிருந்தது. பினாங்குக்கும் எமக்கும் இடையில் அன்றிருந்த தூரம் பத்தாண்டுகள் மட்டுமே.

உபாலி மறைந்து ஐந்து மாதங்களில் கறுப்பு ஜூலை வந்தது. தமிழரின் உயிர்களும் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாகின. ஒரு சில்லுத் தொழிற்சாலைக்கு மின்சாரமும் நீரும் போன்றே அமைதியும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இரு கம்பனிகளும் பின்வாங்கின. வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைகளே நிலைத்தன. உபாலி உயிருடன் இருந்திருந்தால் அவற்றைத் தடுத்து நிறுத்தியிருப்பார் என்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. எரியும் நகரத்தில் முதலீடு செய்யுமாறு எந்தப் பணிப்பாளர் நாயகமும் எவரையும் இணங்கச் செய்ய முடியாது.

இழப்பு கொழும்புக்கு மட்டும் உரியதன்று. அதன் பின்னர் மூண்ட யுத்தத்தில் எமது அம்பாறைக் கரையோரத்தின் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட துயரை இங்கு விரிக்கத் தேவையில்லை. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கக்கூடிய எமது பெண்கள் பலர் வளைகுடா நாடுகளின் சமையலறைகளுக்குச் சென்றனர். இன்று ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கின்றது. கற்று வெளியேறும் பிள்ளைகள் தேடும் தொழிலோ கடல் கடந்து இருக்கின்றது.

உலகின் சில்லுகளைப் பொருத்திப் பரிசோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 வீதம் இன்று மலேசியாவில் நடைபெறுகின்றது. அதன் மையமான பினாங்கு, உபாலியின் விமானம் மறைந்த அதே மலாக்கா நீரிணையின் கரையிலேயே அமைந்துள்ளது.