குதிரை வைத்தியர் முதல் சீன அதிபர் வரை: யார் இந்த ஜாங் சோலின்?

1916 முதல் 1928 வரை சீனாவுக்குப் பெயருக்கு எல்லாமே இருந்தன. அதிபர், அமைச்சரவை, அவ்வப்போது கூடிக் கலையும் நாடாளுமன்றம், வெளிநாட்டுத் தூதர்கள் என்று பெய்ஜிங் ஒரு தலைநகரம் மாதிரியே இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: உத்தரவு போட்டால் கேட்கிற படை. படைகள் எல்லாம் மாகாணங்களில் இருந்த தளபதிகளின் கையில் இருந்தன. சொந்தப் படை, சொந்த வரி, சில இடங்களில் சொந்த ரூபாய் நோட்டு. இவர்களைத்தான் வரலாற்றில் யுத்தப் பிரபுக்கள் என்கிறோம். அவர்களில் பெரிய தலை ஜாங் சோலின்.

1875-ல் வடகிழக்குச் சீனாவின் ஹைசெங் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்டார். சாதாரண வேலைதானே என்று நினைக்க வேண்டாம். மஞ்சூரியாவில் அன்று குதிரை வைத்திருந்தவர்கள் மூன்று பேர்: பணக்காரர், சிப்பாய், கொள்ளைக்காரர். மூன்று தரப்பிலும் அவருக்கு ஆள் பழக்கம் உண்டானது. 1894-95 சீன-ஜப்பான் போரில் சிப்பாயாக இருந்தவர், பிறகு தனக்கென்று ஒரு ஆயுதக் கூட்டம் சேர்த்தார். கிராமங்களுக்குக் காவல், அதற்குக் கூலி. காவலுக்கும் கொள்ளைக்கும் நடுவில் கோடு எங்கே இருந்தது என்பது, யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கூட்டத்தை அடக்கச் செலவு செய்வதைவிட அரசுப் படையில் சேர்த்துவிடலாம் என்று மன்னராட்சி அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அப்படித்தான் கொள்ளைக் கூட்டத் தலைவர் அரசு அதிகாரி ஆனார். 1911-ல் புரட்சி வெடித்தபோது முக்டென் நகருக்கு (இன்றைய ஷென்யாங்) படையோடு வந்து ஆளுநர் பக்கம் நின்றார். மன்னராட்சி போனது, ஜாங் போகவில்லை. ராணுவத்தை ஓரளவு கட்டிப்போட்டு வைத்திருந்த யுவான் ஷிகாய் 1916-ல் இறந்தார். அதே ஆண்டு ஜாங் ஃபெங்தியன் மாகாணத்தின் ராணுவ ஆளுநர். 1919-க்குள் மஞ்சூரியாவின் மூன்று மாகாணங்களும் அவர் பிடியில்.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: வாங் யோங்ஜியாங். துப்பாக்கி ஆள் இல்லை, கணக்கு ஆள். கடனில் கிடந்த மாகாணக் கருவூலத்தை இவரிடம் ஒப்படைத்தார் ஜாங். வரி வசூலில் நடந்த திருட்டை அடைத்து, சில ஆண்டுகளில் கடனை அடைத்து உபரியே காட்டினார் வாங். மண்ணும் கைகொடுத்தது. சோயா மொச்சை விளைந்து ரயிலேறி உலகச் சந்தைக்குப் போனது. ஷான்டோங் பக்கமிருந்து பிழைப்பு தேடி லட்சக்கணக்கானோர் வந்தார்கள். 1923-ல் முக்டெனில் பல்கலைக்கழகம் திறந்தது. பெரிய ஆயுதத் தொழிற்சாலையும் வளர்ந்தது. பெய்ஜிங் ஆசிரியர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் திண்டாடிய அதே காலம் இது.

சரி, இவ்வளவு இருக்கும்போது ஓட்டாண்டி பெய்ஜிங் எதுக்கு? காரணம் இருந்தது. பெய்ஜிங் யார் கையில் இருக்கிறதோ, அவரைத்தான் வெளிநாடுகள் சீன அரசாக ஏற்றன. சுங்க வரியை வசூலித்தது வெளிநாட்டவர் தலைமையிலான துறை. பழைய கடன் தவணை போக மீதி, அங்கீகாரம் பெற்ற அரசுக்குத்தான். புதுக் கடன் வாங்குவதற்கும் அந்த முத்திரை வேண்டும். நாற்காலிக்கு பலம் இல்லை, ஆனா விலை இருந்தது. 1923-ல் சாவ் குன் என்ற தளபதி, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 5,000 வெள்ளி டாலர் வீதம் கொடுத்து அதிபர் பதவியையே வாங்கினார்.

1922-ல் பெய்ஜிங்குக்காகச் சண்டை போட்ட ஜாங், தளபதி வூ பெய்ஃபூவிடம் அடி வாங்கித் திரும்பினார். வந்ததும் மூன்று மாகாணங்களும் இனி பெய்ஜிங் பேச்சைக் கேட்காது என்று அறிவித்துவிட்டார். தடுக்க பெய்ஜிங்கிடம் என்ன இருந்தது? 1924-ல் மறுபடி போர். இந்த முறை வூவின் கூட்டாளி ஃபெங் யூஷியாங், போர்முனையிலிருந்து திரும்பி வந்து பெய்ஜிங்கைப் பிடித்துக்கொள்ள, ஜாங் ஜெயித்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் படை ஷாங்காய் வரை போனது.

பில் மட்டும் முக்டெனுக்கு

போரை நிறுத்தி ஊரைப் பாருங்கள் என்பதுதான் வாங்கின் நிலைப்பாடு. ஜாங் கேட்கவில்லை. 1925 நவம்பரில் அவருடைய முக்கியத் தளபதி குவோ சோங்லிங், படையைத் திருப்பிக்கொண்டு முக்டெனை நோக்கியே வந்தார். ஜாங் பதவி விலகி, மகன் ஜாங் ஷுவேலியாங்கிடம் ஆட்சியைக் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஜாங்கைக் காப்பாற்றியது ஜப்பான். மஞ்சூரியாவின் முக்கிய ரயில் பாதை ஜப்பானியருடையது. பாதையை ஒட்டிய நிலத்தில் காவல் அவர்கள் படை. அதற்குள் நுழையக் கூடாது என்று குவோவைத் தடுத்தார்கள். கிடைத்த அவகாசத்தில் ஜாங் ஆள் சேர்த்துவிட்டார். டிசம்பர் கடைசியில் குவோ பிடிபட்டுச் சுடப்பட்டார். ஜப்பான் செய்த உதவி இலவசம் இல்லை என்பது ஜாங்குக்கும் தெரியும்.

1926-ல் வாங் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார். மறு ஆண்டு இறந்தும் போனார். போர்ச் செலவுக்கு முக்டென் அச்சகம் நோட்டு அடித்துத் தள்ளியது. விவசாயியிடம் அந்த நோட்டைக் கொடுத்து சோயா வாங்கி, வெளியே நல்ல பணத்துக்கு விற்றார்கள். கையில் காகிதத்தோடு நின்றவர் விவசாயி. நோட்டின் மதிப்பு சரிந்ததற்கு வியாபாரிகள்தான் காரணம் என்று நாணய மாற்றுக்காரர்கள் சிலரைச் சுட்டும் பார்த்தார்கள். சரிவு நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் 1927 ஜூனில் ஜாங் பெய்ஜிங்கில் மகா தளபதியாகப் பதவியேற்றார். சீன அரசின் தலைவர்! அதற்கு முன், ஏப்ரலில், சோவியத் தூதரக வளாகத்தில் சோதனை நடத்தி, கம்யூனிஸ்ட் கட்சி நிறுவனர்களில் ஒருவரான லி தாஜாவ் உள்ளிட்டோரைத் தூக்கிலிட்டிருந்தார். ஆனால் தெற்கிலிருந்து சியாங் கை-ஷேக்கின் தேசியவாதப் படை மாகாணம் மாகாணமாக ஏறி வந்துகொண்டிருந்தது. சண்டையை மஞ்சூரியாவுக்குள் கொண்டுவராமல் ஒதுங்கிவிடுங்கள் என்று ஜப்பானும் நெருக்கியது.

1928 ஜூன் 3 இரவு சிறப்பு ரயிலில் ஊருக்குக் கிளம்பினார். மறுநாள் அதிகாலை, முக்டெனுக்குச் சற்று முன் ஹுவாங்குதுன் அருகே, ஜப்பானிய ரயில் பாதையின் பாலத்துக்கு அடியில் ரயில் நுழைந்தபோது குண்டு வெடித்தது. சில மணி நேரத்தில் உயிர் போனது. வைத்தது கர்னல் கோமோட்டோ டைசாகுவும் அவரது ஆட்களும், டோக்கியோவிடம் கேட்காமலே. தலைநகரின் பேச்சைக் கேட்காத ராணுவம் சீனாவில் மட்டும் இல்லை. இந்த விவகாரத்தைக் கையாண்ட விதத்தால் பிரதமர் தனாகாவின் அரசு 1929-ல் விழுந்தது. கோமோட்டோவுக்குப் பெரிய தண்டனை எதுவும் இல்லை.

குழப்பத்தைச் சாக்காக வைத்து ஜப்பானியர் நுழைந்துவிடக் கூடாதே என்று, மரணச் செய்தியை இரண்டு வாரத்துக்கு மேல் மறைத்தார்கள். மகன் ஊர் வந்து சேர்ந்த பிறகே அறிவிப்பு. அப்பாவைக் கொன்றவர்கள் யார் என்று தெரிந்த மகன், அந்த டிசம்பர் 29 அன்று மஞ்சூரியா முழுக்க தேசியவாத அரசின் கொடியை ஏற்றினார். கொடிதான் மாறியது, படையும் வரியும் பெரும்பாலும் குடும்பத்திடமே இருந்தன. 1931 செப்டம்பர் 18 இரவு ஜப்பானியப் படை முக்டெனைத் தாக்கியது. ஜாங் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆயுதத் தொழிற்சாலை, விடிந்தபோது அவர்கள் கையில் இருந்தது.