21 வயதில் நின்றுபோன ஆட்டம்

நண்பர்களே, இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு 21 வயது ஆகியிருக்கும், இல்லைன்னா ஆகப்போகுது. அந்த வயசுக்குள்ளேயே முழு வாழ்க்கையையும் ஆடி முடிச்ச ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் டங்கன் எட்வர்ட்ஸ்.

1936 அக்டோபர் 1-ல் இங்கிலாந்தின் டட்லி ஊரில் பிறந்தார். 1952-ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தபோதும், கால்பந்து கைகொடுக்கலைன்னா என்ன செய்யிறதுன்னு தச்சு வேலையும் பழகினார். நம்ம பாஷையில் சொன்னா ‘பேக்கப்’! அது தேவைப்படவே இல்லை. 16 வயதில் முதல் லீக் ஆட்டம். 18 வயதில் இங்கிலாந்து அணி. அந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 7-2 என்று வீழ்த்தினார்கள்.

1956, 1957 என இரண்டு வருடமும் யுனைடெட்தான் லீக் சாம்பியன். 1957-ல் எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்திருக்கும். ஆனால் இறுதிப்போட்டி தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஆஸ்டன் வில்லா வீரர் மோதியதில் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. அப்போ மாற்று ஆட்டக்காரர் விதியே கிடையாது. 2-1 என்று வில்லா ஜெயித்தது.

லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதுவதுதான் சேரிட்டி ஷீல்டு. ஆக, அதே வில்லாவை யுனைடெட் மறுபடியும் சந்தித்தது. 1957 அக்டோபர் 22, ஓல்ட் டிராஃபோர்ட். டாமி டெய்லர் 3 கோல், ஜானி பெர்ரி பெனால்டியில் 1 கோல். 4-0. கணக்கு தீர்ந்தது!

இனி அந்த அணியை யாராலும் நிறுத்த முடியாதுன்னுதான் நீங்களும் நினைப்பீங்க. மூன்றரை மாதம்தான் மிச்சம் இருந்தது.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், மியூனிக்கில் விமானம் மூன்றாவது முறையாக மேலெழும்ப முயன்று நொறுங்கியது. மொத்தம் 23 பேர் பலி. டெய்லர் அங்கேயே இறந்தார். பெர்ரி பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஆடவே முடியவில்லை. அந்த 4 கோலையும் அடித்தவர்கள் இந்த இருவர்தான்.

எட்வர்ட்ஸ் 15 நாள் போராடினார். கால் எலும்பு முறிந்து, சிறுநீரகம் சிதைந்து கிடந்தபோதும், சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று உதவிப் பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபியிடம் கேட்டதாகச் சொல்வார்கள். பிப்ரவரி 21-ல் அந்தப் போராட்டமும் முடிந்தது.

இஞ்சினியர்களாகப் போகிற நமக்கு இன்னொன்றும் முக்கியம். இறக்கையில் பனி இருந்ததாகச் சொல்லி முதலில் விமானி ஜேம்ஸ் தெயின் மீதுதான் பழி விழுந்தது. ஓடுபாதையில் தேங்கிய பனிச்சேறு சக்கரங்களின் வேகத்தைக் குறைத்ததே காரணம் என்று பிரிட்டிஷ் விசாரணை அவரை விடுவிக்க 1969 ஆனது. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால் ஒரு மனுஷனோட பெயரும் சேர்ந்தே நொறுங்கும்.

டட்லியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் எட்வர்ட்ஸ் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதில் அவர் இன்னமும் ஆட்டக்காரராகவே நிற்கிறார். வயசு, அதே 21.