என். எஸ். கிருஷ்ணன்

என். எஸ். கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், வில்லுப்பாட்டுக் கலைஞர், தயாரிப்பாளர் ஆவார். கலைவாணர் என்ற பட்டத்தால் அறியப்படுகிறார். கருத்துரைக்கும் மேடைகளில் நகைச்சுவையைத் திறம்படக் கையாண்டவர்.

இளமையும் திரைவாழ்வும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்து, 1930களின் நடுவில் திரையுலகுக்கு வந்தார். தம்முடன் இணைந்து நடித்த டி. ஏ. மதுரத்தை மணந்தார். தமது நகைச்சுவைக் காட்சிகளைத் தம் குழுவினருடன் சேர்ந்து தாமே அமைத்துக்கொள்வது இவர் வழக்கம்.

சிறைவாசம்

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதருடன் 1944 இல் கைது செய்யப்பட்டு, ஆயுள் தண்டனை பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டைத் தொடர்ந்து, 1947 இல் இருவரும் விடுதலையாயினர். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் சரிந்தது; கிருஷ்ணனோ மீண்டும் வெற்றி கண்டார்.

மேடை நகைச்சுவை

தென்மாவட்டக் கோயில் விழாக்களுக்குரிய வில்லுப்பாட்டைப் பொதுமேடைக்குக் கொணர்ந்து, காந்தியடிகளின் வரலாற்றைப் பாடினார். நந்தனார் கதையைத் தழுவிய கிந்தனார் கதாகாலட்சேபத்தில், தாழ்த்தப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இது நல்லதம்பி (1949) படத்திலும் இடம்பெற்றது.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பேசிய இவர், எதிர் வேட்பாளரான மருத்துவரையே நெடுநேரம் புகழ்ந்தார் என்றும், இத்தகைய மருத்துவர் ஊரிலேயே இருக்கட்டும், அண்ணாதுரையைச் சட்டமன்றத்துக்கு அனுப்புங்கள் என்று முடித்தார் என்றும் கூறப்படுகிறது. எவரையும் புண்படுத்தாத இவரது நகைச்சுவைக்கு இது எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அத்தேர்தலில் அண்ணாதுரை வென்றார்.

மறைவு

ஈட்டிய பொருளைப் பெரும்பாலும் பிறருக்கே வழங்கிய கிருஷ்ணன், அவ்வாண்டிலேயே தமது 48 ஆம் வயதில் சென்னையில் காலமானார். சென்னையிலுள்ள கலைவாணர் அரங்கம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.