நாடற்றோரின் நண்பர் நான்சன்

ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில் நார்வே நாடு உள்ளது. பனி மூடிய மலைகளும், நிலத்தினுள் நெடுந்தொலைவு புகுந்து கிடக்கும் கடற்கழிகளும் நிறைந்த நாடு அது. அதன் தலைநகருக்கு அருகில் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் பிரிட்யாப் நான்சன் பிறந்தார். அவர் தந்தையார் ஒரு வழக்கறிஞர்.

இளமையிலேயே பனிச்சறுக்கில் தேர்ந்த நான்சன், விலங்கியல் பயின்று பட்டம் பெற்றார். எனினும் அவர் உள்ளம் வடதுருவத்தையே நாடியது. 1888ஆம் ஆண்டு ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்படாமல், ஆள் நடமாட்டம் அரிதான கிழக்குக் கரையிலிருந்தே அவர் புறப்பட்டார். பின்வாங்கினால் புகலிடம் இல்லை. முன்னேறுவது ஒன்றே வழி. பின்னர், ‘பிராம்’ என்னும் கப்பலில் 1893ஆம் ஆண்டு வடதுருவம் நோக்கிச் சென்றார். அதுவரை எவரும் எட்டாத வடகோடியை 1895இல் அடைந்து, மறு ஆண்டு தாயகம் மீண்டார். அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

1905ஆம் ஆண்டு நார்வே, சுவீடனுடன் கொண்டிருந்த பிணைப்பினின்றும் விடுபட்டது. அதற்கு அரும்பாடுபட்ட நான்சன், மறு ஆண்டு முதல் 1908 வரை இலண்டனில் தம் நாட்டுத் தூதராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அரசுகள் தம்முள் நடத்திய பேச்சுகளில் எல்லையும் வாணிகமும் படைவலியுமே முதலிடம் பெற்றன. எளிய மனிதரின் துயருக்கு அங்கே இடம் அரிது. அந்நிலையை மாற்ற முயல்வதே நான்சனின் பிற்கால வாழ்வாயிற்று.

முதல் உலகப்போர் 1918இல் ஓய்ந்தது. ஆயினும் போர்க்கைதிகளுள் இலட்சக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. சைபீரியாவின் கடுங்குளிரில் பலர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். உலக அமைதிக்கென அந்நாளில் நிறுவப்பெற்றிருந்த நாடுகளின் சங்கம், அவர்களை மீட்கும் பொறுப்பை 1920இல் நான்சனிடம் ஒப்படைத்தது. இரஷ்யாவின் புதிய சோவியத் அரசு அச்சங்கத்தை ஏற்கவில்லை. சங்கத்து நாடுகளுள் பல அவ்வரசை ஏற்கவில்லை. இருசாராரின் நம்பிக்கையையும் பெற்ற நான்சன் இடைநின்று பேசினார். கப்பல்களையும் புகைவண்டிகளையும் ஏற்பாடு செய்து, இரண்டே ஆண்டுகளில் 4 இலட்சத்திற்கு மேற்பட்ட கைதிகளைத் தத்தம் நாடு சேர்ப்பித்தார்.

அப்பணி முடியுமுன்பே வேறொரு துன்பம் எழுந்தது. 1921இல் இரஷ்யாவின் வால்கா ஆற்றுப் பகுதியில் மழை பொய்த்தது. போரினாலும், அரசு தானியத்தைப் பறித்தமையாலும் முன்னரே நலிந்திருந்த உழவர்கள் புல்லையும் மரப்பட்டையையும் உண்ணலாயினர். நான்சன் செனீவா நகரில் கூடிய சங்கப் பேரவையில் எழுந்து, அரசுகளிடம் கடனுதவி வேண்டினார். அமெரிக்கக் கண்டத்தில் தானியம் மிகுந்து கிடப்பதையும், கப்பல்கள் வேலையின்றி நிற்பதையும் எடுத்துக் காட்டினார். அரசுகள் இணங்கவில்லை. உணவு அனுப்பினால் சோவியத் அரசு வலுப்பெறும் என்று பலர் அஞ்சினர். நான்சனும் அவ்வரசின் கொள்கையைத் தழுவியவர் அல்லர். ஆயினும், ஓர் அரசின்மீது கொண்ட பகைக்காக அதன்கீழ் வாழும் மக்களைப் பட்டினியால் சாகவிடுவது அறமன்று என்று அவர் வாதிட்டார்.

அரசுகள் கைவிட்டபின் அவர் பொதுமக்களை நாடினார். பஞ்சம் வாட்டிய ஊர்களை நேரிற் கண்டு, அங்கு எடுத்த படங்களைப் பல நாடுகளிலும் காட்டிப் பொருள் திரட்டினார். அமெரிக்க மக்களின் நிவாரண அமைப்பும் பேருதவி புரிந்தது. பல இலட்சம் உயிர்கள் பிழைத்தன. எனினும் ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அரசுகள் காலத்தில் உதவியிருப்பின் அவர்களுள் பலர் உயிர் தப்பியிருப்பர்.

புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் அஞ்சி, இரஷ்யாவிலிருந்து 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வெளியேறியிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையைச் சோவியத் அரசு 1921இல் பறித்தது. எந்நாட்டுக் குடிமகன் என்று காட்ட அவர்களிடம் ஒரு தாளும் இல்லை. அது இன்றி எல்லை கடக்க இயலாது. வேலை தேடுதலும் அரிது. அகதிகளுக்கான உயர் ஆணையராகச் சங்கத்தால் அமர்த்தப்பெற்ற நான்சன், இதற்கு ஒரு வழி கண்டார். நாடற்றவர்களுக்கென ஓர் அடையாளச் சீட்டு வழங்க 1922இல் பல அரசுகளை இணங்கச் செய்தார். ‘நான்சன் கடவுச்சீட்டு’ என அது பெயர் பெற்றது. குடியுரிமையை அச்சீட்டு அளிக்கவில்லை. ஆயினும் அதனைப் பெற்றவர் பெயரும் முகமும் உடைய மனிதர் என்பதை அரசுகள் ஒப்புக்கொள்ளச் செய்தது. 1924இல் ஆர்மீனிய அகதிகளுக்கும் அது கிடைத்தது. காலப்போக்கில் 50க்கு மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன.

1922ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு நான்சனுக்கு வழங்கப்பெற்றது. பரிசுப் பொருளை அவர் துயர் துடைக்கும் பணிகளுக்கே அளித்தார். 1930ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவர் பெயரால் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938இல் அதே பரிசைப் பெற்றது.

ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பதையும், கொடுமைக்கு அஞ்சி வந்தவன் பிற நாட்டில் புகலிடம் நாடலாம் என்பதையும் 1948இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் உலகறிய உரைத்தது. அவ்வுரிமைகள் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே, அவற்றிற்காக அரசுகளின் வாயில்தோறும் சென்று வாதாடியவர் நான்சன். பனிவெளியில் பின்வாங்க வழி வைக்காத அவர், மக்கட்பணியிலும் இறுதிவரை பின்வாங்கவில்லை.